மாலைக்கு இடம்

குற்றாலம் செல்லும் அன்பர்களில் பெரும்பாலோர் அருவியில் நீராடி, குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மையையும் தரிசித்துத் திரும்பிவிடுகிறார்கள். கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தோடு தனியே நிற்கும் சித்திர சபைக்கு நடந்து செல்பவர்கள் குறைவு. கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளுள் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருவாலங்காடு இரத்தினம், எங்கள் திருநெல்வேலி தாமிரம். குற்றாலத்தில் மட்டும் பெருமான் சுவரில் தீட்டிய சித்திரமாகவே ஆடுகிறார். மார்கழித் திருவாதிரையின் தாண்டவ தீபாராதனை அந்தச் சபையில்தான் நடைபெறுகிறது. கல்லுக்கும் செம்புக்கும் உரிய மரியாதை அங்கே வண்ணத்துக்கும் கிடைக்கிறது.

சிற்ப நூல்கள் முழு உருவத்தைச் சித்திரம் என்றும், புடைப்பாகச் செதுக்கியதைச் சித்திரார்த்தம் என்றும், சுவரிலோ பலகையிலோ வண்ணத்தால் தீட்டியதைச் சித்திராபாசம் என்றும் வகுத்துக் கூறும். (ஆபாசம் என்ற சொல்லுக்கு இன்று வேறு பொருள் வந்துவிட்டது. அங்கே அதற்குத் தோற்றம் என்றே பொருள்.) திருப்பணிக்காகப் பாலாலயம் செய்யும் கோயில்களில், அத்திப் பலகையில் வரைந்த உருவத்துக்கு மாதக்கணக்கில் பூஜை நடப்பதை நாம் எல்லோருமே கண்டிருக்கிறோம். ஆகவே படம் என்பது ஒரு படி குறைந்தது என்று எண்ணுவதற்கு நம் மரபில் இடமில்லை.

நான் பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும், அவற்றின் கால்வாய்களையும் மதகுகளையும் அளவு பிசகாமல் தாளில் ஏற்றுவதே என் பணி. ஓய்வுக்குப் பிறகு தெய்வத் திருவுருவங்களை நீர்வண்ணத்தில் வரையத் தொடங்கினேன். ஓவியத்தை முறையாகக் கற்றவனல்லன். சில ஆண்டுகளாக அவற்றை விலைக்கும் கொடுத்து வருகிறேன். என்னைப் போலவே முதுமையில் தூரிகை எடுத்த அன்பர்கள் சிலர், யாரிடம் காட்டிக் கருத்துக் கேட்பது, சுவாமி படத்துக்கு விலை சொல்லலாமா என்று வினவுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வீட்டார் சொல்லும் பாராட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். என் பேத்தி நான் எதை வரைந்தாலும் “சூப்பர் தாத்தா” என்பாள். மருமகள் புகைப்படம் எடுத்து உறவினர் அனைவருக்கும் அனுப்பிவிடுவாள். அங்கிருந்து கூப்பிய கைகள் வரிசையாக வந்து சேரும். அவை அன்புக்குச் சான்று. படத்துக்குச் சான்றாகா.

என் முதல் ஆசிரியர் என்று நான் கருதுபவர், ரத வீதியில் படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் போடும் கடைக்காரர். நாற்பது ஆண்டுகளாக மற்றவர்கள் வீட்டுப் பூஜையறைக்குச் செல்லும் படங்களையெல்லாம் கையில் வாங்கிப் பார்த்தவர். நான் கொண்டுபோன காந்திமதி அம்மன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். நன்றாயிருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

“அண்ணாச்சி, கிரீடம் மேல் சட்டத்தைத் தொடுது பாருங்க. மாலையை எங்கே போடுவாங்க? ஆணியிலேருந்து பூ தொங்குனா நேரே அம்பாள் நெத்தியிலே வந்து விழும். மேலே நாலு விரக்கடை விடுங்க. கீழேயும் விடுங்க. ஊதுபத்திப் புகை அடிச்சு அடிச்சுப் பாதம்தான் முதல்லே மங்கும்.”

எந்த ஓவிய நூலும் இதை எனக்குச் சொன்னதில்லை. கண்காட்சிக் கூடத்தில் மாட்டும் படத்துக்கு ஓரம் அழகுக்காக. பூஜையறைப் படத்துக்கு ஓரம் கதம்பத்துக்காகவும் அருகம்புல்லுக்காகவும். அந்த இடத்தை நாள்தோறும் பூவால் நிரப்புபவர் வேறொருவர். அன்றிலிருந்து தாளில் முதலில் நான் குறிப்பது அந்த நாலு விரற்கடையைத்தான். அதன் பிறகே திருமுடி.

அடுத்து, எங்கள் தெருவில் வசிக்கும் குருக்கள். எண்பது வயதைக் கடந்தவர். திருச்செந்தூர்ச் சண்முகநாதர் என்று எழுதி ஒரு படத்தை வரையப் போகிறேன் என்று பென்சில் கோட்டை மட்டும் காட்டினேன். கையில் வேல் இருந்தது.

“முருகன்னு பொதுவாப் போட்டேள்னா வேல் இருக்கட்டும், ஒரு குறையும் இல்லை. கீழே செந்தூர்னு எழுதினேள்னா மூலவர் கையிலே பூ இருக்கணும். அங்கே அவர் சூரனை ஜெயிச்சுட்டுச் சிவபூஜை பண்ணிண்டு நிற்கிறார். ஊர் பேரை எழுதறச்சே அந்த ஊர் சுவாமியைத்தான் எழுதணும்.”

எத்தனை முறை செந்தூர் சென்று வந்திருப்போம்! தியான சுலோகங்கள் ஒவ்வொரு மூர்த்திக்கும் நிறம், கரங்கள், ஆயுதம், அமர்ந்த நிலை அனைத்தையும் வகுத்து வைத்திருக்கின்றன. அவற்றைச் சொல்லத் தெரிந்த ஒருவரிடம், வண்ணம் தொடுவதற்கு முன்பே காட்டிவிடுவது நல்லது. பென்சிலில் திருத்துவது எளிது. வண்ணம் ஏறிய பிறகு அவரும் தாட்சண்யத்துக்காகத் தலையாட்டிவிடுவார்.

ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவரிடமும் காட்டினேன். விரல்களைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டேன். தம் கையையே கண்ணாடியில் பார்த்து நூறு முறை வரையச் சொன்னார், வரைந்தேன். ஆனால் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரவேண்டும், மறுபக்கம் நிழல் விழவேண்டும் என்று அவர் கூறியதை என் மனம் ஏற்கவில்லை. கருவறையில் நாம் காணும் ஒளி எது? இருபுறமும் எரியும் விளக்கும், எதிரே ஏறி இறங்கும் கற்பூர ஒளியும். அந்த முகத்தில் ஒரு கன்னம் மட்டும் இருண்டு நாம் பார்த்ததில்லை. திருப்புடைமருதூரில் கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இடத்தருகே நாறும்பூநாதர் கோயில் இராஜகோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் உட்சுவர் முழுக்க ஓவியங்கள் உள்ளன. குதிரைகளை ஏற்றி வந்த கப்பல்கூட உண்டு. அங்கெல்லாம் கோடும் வண்ணமும்தான் பேசுகின்றன, நிழல் பேசவில்லை. ஆசிரியரிடம் பணிவாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “அப்படியானால் கோட்டை இன்னும் உறுதியாகப் போடுங்கள்” என்றார். அது விரலுக்குச் சொன்னதைவிடப் பெரிய பாடம்.

நான்காமவர் பூக்காரம்மாள். சந்நிதித் தெருவில் பூக்கட்டுபவர். சட்டக் கடைக்குப் படத்தை எடுத்துச் செல்லும் வழியில் அவராகவே நிறுத்திப் பார்த்தார். சிறிது இடப்பக்கம் நகர்ந்தார். வலப்பக்கம் நகர்ந்தார். “இந்த அம்மா என்னையப் பாக்கலையேய்யா” என்றார். அவ்வளவுதான்.

ஸ்தபதிகள் திருமேனி முழுதும் முடித்த பின்னரே கண் திறக்கிறார்கள். நயனோன்மீலனம் என்ற அந்தச் சடங்கின் பொருளை அந்த அம்மாள் ஒரு வரியில் சொல்லிவிட்டார். தாளில் நேர்முகமாக வரைந்து, கருவிழியை வெள்ளையின் நடுவில் வைத்தால், பார்ப்பவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பார்வை உடன் வரும். சற்றே ஒதுங்கினால் அம்பாள் நம்மைத் தாண்டி எங்கோ பார்ப்பாள். இப்போதெல்லாம் கண்ணைக் கடைசியில்தான் எழுதுகிறேன், காலையில் குளித்துவிட்டு. பிறகு பூக்காரம்மாளிடம் காட்டுகிறேன். அவர் நகர்ந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தால் படம் முடிந்தது.

சட்டக் கடைக்காரரிடம் பழுது பார்க்க வரும் பழைய படங்களில் பல கோவில்பட்டியில் பிறந்தவை. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த அந்த ஊரில் இருந்துகொண்டு தமிழ்நாட்டுப் பூஜையறைகளுக்கெல்லாம் முகம் கொடுத்தவர் கொண்டையராஜு. 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சிலகாலம் தங்கியிருந்தவர். பின்னர் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் நிலைகொண்டு, சீடர்களைச் சேர்த்துக்கொண்டு தெய்வப் படங்கள் வரைந்தார். சிவகாசி அச்சகங்கள் அவற்றை நாட்காட்டிகளாக்கின. மளிகைக் கடைப் பெயரோடு நம் வீட்டுக்கு வந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் அவரும் அவருடைய சீடர்களும் எழுதியவையாக இருக்கும். 1976-இல் அவர் மறைந்தார்.

ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபோதே தெய்வங்கள் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்துவிட்டன என்பது உண்மைதான். ஆயினும் நம் பக்கத்துக் கோயில்களின் அலங்காரத்தை, நாடக மேடையின் பட்டுத் திரையை, எதிரே நின்று நம்மையே பார்க்கும் முகத்தை அச்சுக்குக் கொண்டுவந்தவர்கள் கோவில்பட்டிக்காரர்கள். பெரியவர்கள் பலருக்குச் சில்பியும் நினைவிருப்பார். ஆனந்த விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில் கோயிலாகச் சென்று, சிற்பத்தின் எதிரே அமர்ந்து வரைந்தவர். இவர்கள் வரைந்ததற்கு ஊதியம் பெற்றார்கள். அதனால் அந்தப் படங்களின் தெய்வத்தன்மை குறைந்துவிட்டதா?

விலையைப் பற்றி இங்கே வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். “சுவாமிக்கு விலையா? காணிக்கை என்று சொல்லுங்கள்” என்று நண்பர்கள் அறிவுறுத்தினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காணிக்கை இறைவனுக்கு உரியது. தாளுக்கும் வண்ணத்துக்கும் கைக்கும் உரியது கூலி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேருக்கும், தச்சர் முதலிய பணியாளர்களுக்கும் இன்ன பங்கு நெல் என்று இராஜராஜன் வெட்டி வைத்திருக்கிறான். பக்தி குறைந்தவனா அவன்?

என் கணக்கு எளியது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த உயரமுள்ள படத்துக்குக் காலையில் இரண்டு மணி நேரம் வீதம் ஒன்பது நாட்கள் ஆகின்றன. மொத்தம் 18 மணி நேரம். இரண்டேகால் நாள் வேலை. எங்கள் ஊரில் ஒரு கொத்தனார் வாங்கும் நாள் கூலியை அதனால் பெருக்கி, தாள், வண்ணம், சட்டம், கண்ணாடிச் செலவைச் சேர்க்கிறேன். ஏறத்தாழ 3,000 ரூபாய் வருகிறது. அச்சுப் படம் சட்டத்தோடு அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கும். ஆகவே பலர் வாங்குவதில்லை. அது நியாயமே.

ஒரு வேடிக்கையைக் கண்டிருக்கிறேன். விலை சொல்லும் வரை எல்லாம் அற்புதம். சொன்ன மறுகணமே பிள்ளையாரின் துதிக்கை சற்றுப் பருமன், மூஷிகத்தின் வால் நீளம், பின்னணியில் பச்சை அதிகம் என்று உண்மைகள் வெளிவரும்! அவற்றையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறேன். பாதிக்குமேல் சரியாகவே இருக்கும். இலவசமாகக் கொடுத்த படங்களைப் பற்றி இதுவரை எவரும் ஒரு குறையும் சொன்னதில்லை.

2018 அக்டோபரில் தாமிரபரணி மகா புஷ்கரத்தின்போது வெளியூர் அன்பர்கள் சட்டக் கடையில் மாட்டியிருந்த என் படங்களில் பதினொன்றை வாங்கிச் சென்றார்கள். ஒரே மாதத்தில் அத்தனை விற்றது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதன் பிறகு இனிப்புக் கடைக்காரர் ஒருவர், நெல்லையப்பர் படத்தைத் தம் பெட்டிகளின் மேல் அச்சிட உரிமை கேட்டார். நல்ல தொகை. மறுத்துவிட்டேன். அல்வா தீர்ந்ததும் அந்தப் பெட்டி எங்கே போகும் என்பதை அறியாதவர் யார்?

பெட்டி இருக்கட்டும். சட்டம் போட்ட படங்களே எங்கே போகின்றன? குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் ஆற்றங்கரை அரசமரத்தடியில் ஒருநாள் அதைக் கண்டேன். நிறம் மங்கிய நாட்காட்டிகள், கண்ணாடி உடைந்த லட்சுமிகள், கரையான் தின்ற ஒரு ராமர் பட்டாபிஷேகம். அவற்றின் நடுவே என் காந்திமதி. சட்டத்தின் மேல்முனை பிரிந்திருந்தது. நாலு விரற்கடை இடத்தில் காய்ந்த துளசி ஒன்று கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே சிக்கியிருந்தது.

வாங்கியவர் மேல வீதியில் தனியே வாழ்ந்த ஒரு மூதாட்டி. அவர் காலமாகி, வீட்டைக் காலி செய்த பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்டதாகப் பிறகு அறிந்தேன். அவர்கள் மீது வருத்தம் கொள்ள எனக்கு உரிமையில்லை. அடுக்குமாடி வீட்டில் பாட்டியின் இருபது படங்களையும் எங்கே மாட்டுவார்கள்? குப்பையில் போட மனமின்றி, மரத்தடிக்கு நடந்துவந்து வைத்திருக்கிறார்களே, அதுவே பெரிது. ஆயினும் அன்று மாலை வரை என்னால் தூரிகையைத் தொட முடியவில்லை. ஒரு படத்தை விற்றுவிட்டால் நம் கடமை முடிந்ததா என்ற கேள்வி மட்டும் விடவில்லை.

மறுநாள் முதல் ஒவ்வொரு படத்தின் பின்புறமும் என் முகவரியோடு இரண்டு வரி எழுதுகிறேன்: “இப்படத்தை வைத்துக்கொள்ள இயலாத நாளில் அருள்கூர்ந்து என்னிடமே சேர்ப்பிக்கவும். போக்குவரத்துச் செலவை நான் தருவேன்.” விற்கும்போதே திரும்பி வருவதைப் பேசுவது அபசகுனம் என்று கடைக்காரர் முகம் சுளித்தார். ஆனால் வாங்க வந்த வயதானவர்களில் பலர் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டுத்தான் பணத்தை எடுத்தார்கள். நமக்குப் பிறகு இவற்றை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலை எல்லார் பூஜையறையிலும் இருக்கிறது போலும்.

இதுவரை நான்கு படங்கள் திரும்பி வந்துள்ளன. மூன்றை எங்கள் வீட்டிலேயே வைத்திருக்கிறேன், மறுபடி விற்பதில்லை. நான்காவது வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையையும், தாமிரபரணி கரை கடந்து ஓடியதையும் இப்பகுதியினர் மறக்கமாட்டார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நகர முடியாமல் பயணிகளோடு நின்றுவிட்டது. அந்த ஊருக்கு அருகில் வாழும் ஓர் ஆச்சி, பிறந்த ஊரான நெல்லையின் நினைவாக என்னிடம் காந்திமதி அம்மன் படம் வாங்கியிருந்தார். வெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழித்து, படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு பேரனோடு வந்து சேர்ந்தார். கண்ணாடி இல்லை. இடுப்புக்குக் கீழே பட்டின் சிவப்பு கரைந்து சேற்று நிறத்தோடு கலந்திருந்தது. இடுப்புக்கு மேலே நீர் ஏறவில்லை. முகம் அப்படியே இருந்தது.

புதிதாக ஒன்று வரைந்து தருகிறேன், பணம் வேண்டாம் என்றேன். ஆச்சி தலையை அசைத்தார். “புதுசு வேண்டாம்யா. தண்ணி அம்புட்டையும் கொண்டுபோயிட்டு. இவ மட்டும் ஆணியிலேயே நின்னா. இவளையே சரி பண்ணித் தாங்க. முகத்தைத் தொட்டுராதீய.”

பின்னப்பட்டதை வைத்துப் பூஜிக்கலாமா என்ற ஐயம் பேரனுக்கு. மூவரும் குருக்களிடம் சென்றோம். அவர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “முகமும் கையும் முழுசா இருக்கு. புடவைதானே நனைஞ்சிருக்கு. படத்துக்கு நாம அபிஷேகம் பண்றதில்லை, தாமிரபரணி பண்ணிட்டா. வேற புடவை கட்டிவிடுங்கோ. வெள்ளிக்கிழமை ஒரு விளக்கேத்தி எடுத்துண்டு போகட்டும்.”

சேற்றை மெல்ல ஒற்றி எடுத்து, தாளை நிழலில் உலர்த்தி, இடுப்புக்குக் கீழே மட்டும் அரக்குப் பட்டு ஒன்றை எழுதினேன். ஆறு நாட்கள் ஆயின. எவ்வளவு பூசினாலும் நீர் நின்ற கோடு கரையின் ஓரத்தில் மெல்லியதாகத் தெரிகிறது. பூக்காரம்மாள் இருபக்கமும் நகர்ந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

ஆச்சி முந்தியை அவிழ்த்து 500 ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினார். கூலி வாங்காவிட்டால் படத்தைத் தூக்கமாட்டேன் என்று அமர்ந்துவிட்டார். வாங்கிக்கொண்டேன். சட்டக் கடைக்காரர் சட்டத்துக்குக் காசு பெற்றுக்கொண்டு கண்ணாடிக்கு மட்டும் வேண்டாமென்றார்.

சென்ற ஐப்பசித் திருக்கல்யாணத்தில் கூட்டத்துக்கு நடுவே பேரனைக் கண்டேன். ஆச்சி நலமாக இருக்கிறார்களாம். படத்துக்கான ஆணியை இந்த முறை இரண்டு சாண் மேலே அடித்திருக்கிறார்களாம். மாலை போட மட்டும் ஆச்சிக்கு இப்போது முக்காலி வேண்டியிருக்கிறதாம்.